படம் எடுக்கும்வரை ஆசனம்

பால் கோப்பி வந்தால் வான் வராது. இதைக் கண்டுகொள்ளப் பிரேமிளாவுக்குச் சில மாதங்கள் எடுத்தன. கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்த அந்தக் கண்ணாடி வாகனக் காட்சியறைக்குள் அவள் கால் வைத்ததுமே முகாமையாளர் ஜெயராஜ் கழுத்துப்பட்டியைத் தடவியபடி எழும்புவான். உள்பக்கம் பார்த்து இரண்டு விரல்களை உயர்த்துவான். பதில் அந்த விரல்களிலேயே இருந்தது. நல்ல சேதி வைத்திருக்கிறவன் கோப்பி வரும்வரை அதை அடக்கிக்கொண்டிருக்கமாட்டான்.

“வாங்கக்கா, உக்காருங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?”

“பஸ்ல.”

“உங்களப் போயி பஸ்ல வர வச்சிட்டமே.” மெய்யாகவே வருந்துகிறவனைப்போலத் தலையை ஆட்டினான். “சப்ளையர் பக்கம் சின்னதா ஒரு புரொடக்ஷன் பிரச்சினைக்கா. இந்தா முடிஞ்சிரும், அந்தா முடிஞ்சிரும்னுதான் இருக்கு.”

பிரேமிளா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சிரமமான காரியமல்ல. காலையிலும் மத்தியானத்திலும் ஒரு வான் நிறையப் பிள்ளைகளின் கூச்சலை முதுகில் ஏற்றிக்கொண்டு மஹய்யாவயிலிருந்து கண்டி நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஓடுகிறவள் அவள். மௌனம் அகப்பட்டால் பசித்தவளைப்போல உட்கொள்வாள். மணியடிக்கும்வரை பள்ளிக்கூட வாசல்களில் காத்துக்கிடக்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங்கில் நூலகப் புத்தகம் ஒன்று சாய்ந்திருக்கும். பேச்சுக்கொடுக்க வந்த மற்றச் சாரதிகள் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். அதில் பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஜெயராஜுக்கோ மௌனம் ஆகாது. அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், இறுக்கிப் பூட்டாத குழாயிலிருந்து சொட்டுவதைப்போல அவனிடமிருந்து சாக்குகள் ஒவ்வொன்றாக விழும்.

“நம்ம பக்கம் எல்லாம் ரெடிக்கா. உங்க வான் பின்னால யார்ட்லதான் நிக்குது, பேர்ல பதிஞ்சி நம்பர் பிளேட்டும் போட்டாச்சு. சீட் மட்டுந்தான் இல்ல.”

அவள் பார்த்தாள்.

“அதோட பாருங்க, ஆடி பொறந்திருச்சு. ஆடியில யாராவது புது வண்டி எடுப்பாங்களா?”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆடி முடிஞ்சாலும் பெரஹரா ஊர்வலம். ரோட்டெல்லாம் பூட்டிருவாங்க. யானைக்குத்தான் வழி, நமக்கெங்க வழி?” சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். கோப்பி வந்தது.

அவளுடைய பழைய வானை அவள் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நட்டநடு ராகுகாலத்தில். விற்றவனுக்கு அன்று மாலை கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான் சாத்திரம். அந்த வான் ஒரு நாளாவது அவளை நடுவழியில் விட்டதில்லை. அதை இந்தக் கண்ணாடிக் கடையில் ஒப்படைத்தால்தான் ‘சவாரி’ கிடைக்கும் என்றார்கள். சவாரி என்பது புதிய வானின் பெயர். துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, பல்லேகலையில் பொருத்தப்பட்டு, மலைநாட்டு மேடுகளுக்கென்றே செய்யப்பட்டதாக எல்லாச் சந்திகளிலும் பதாகை கட்டி விளம்பரம் செய்யப்பட்ட வான். பின் ஆசனங்கள் மட்டும் அக்குறணையில் ஒரு பட்டறையில் செய்யப்படுகின்றன என்றும், அதனால் இது ‘நம்ம வண்டி’ என்றும் ஜெயராஜ் முதல் நாள் சொன்னபோது அவள் தலையசைத்திருந்தாள். அந்தத் தலையசைப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

பழைய வான் போனது. புதிய வான் வரவில்லை. போன பள்ளித் தவணை முழுவதும் வாடகை வான் ஒன்றில் பிள்ளைகளை ஏற்றிச் சமாளித்தாள். அதன் சொந்தக்காரன் தனக்கு வேறு ஹயர் கிடைத்த காலைகளில் போனை நிறுத்திவைத்துவிடுவான். பிந்திப் போன பிள்ளைகள் பூட்டிய பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வெட்கத்தோடு நின்றார்கள்.

பெரஹரா விடுமுறை முடியப்போகும் வாரத்தில் நப்லா போன் பண்ணினாள். நப்லாவின் இரண்டு மகள்கள் முதலாம் வகுப்பிலிருந்து பிரேமிளாவின் வானில்தான் போகிறார்கள். மற்றத் தாய்மார் எல்லாரும் நப்லா சொல்வதைத்தான் கேட்பார்கள்.

“பிரேமிளாக்கா, கோவிச்சிக்க வாணாம். போன தவண எங்கட புள்ளைகள் பட்டது போதும். திங்கக்கெழம ஸ்கூல் தொடங்குது. காலைல உங்கட வேன் எங்கட கேட்டுக்கு வரணும். வரல்லெண்டா நாங்க எல்லாரும் றொசான்ட வேனுக்கு மாறிருவோம். அவரோட பேசியும் வச்சீக்கி.”

“சரி.”

“சரியெண்டா? வருமா?”

“வரும்.”

வைத்த பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: ஒரு பாதையில் பிள்ளைகள் கைமாறிப் போனால் ஓ.எல். பரீட்சை எழுதி முடிக்கும்வரை திரும்பி வரமாட்டார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகளும் அந்தப் பக்கமே போவார்கள். புதிய வான் தையில் வந்தாலும் மாசியில் வந்தாலும் அதில் ஏற்ற ஆள் இருக்காது.

புதன்கிழமை ஜெயராஜே பேசினான். குரலில் கோப்பி இல்லை.

“அக்கா, சந்தோசமான விசயம்! வெள்ளிக்கெழம வாங்க. ஆவணி மொத முகூர்த்தம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் ஐயர்கிட்ட நேரம் எடுத்து வச்சிருக்கோம். பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னுக்கு சாவி உங்க கையில. நல்ல சாரி ஒன்னு கட்டிட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை காட்சியறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழை, குத்துவிளக்கு, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். சில்லுகளுக்கு அடியில் வைக்கத் தேசிக்காய் ஒரு கூடை நிறைய. முன்றலில் ஏற்கெனவே நசுங்கிய தேசிக்காய்களின் சாறு வெயிலில் காய்ந்து கறையாகப் படிந்திருந்தது. அந்தக் கறையைப் பார்த்தபோதே பிரேமிளாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இவ்வளவு தேசிக்காய் நசுங்கியிருந்தால் இவ்வளவு வான் வெளியே போயிருக்க வேண்டும். வீதியில் ஒரு சவாரியைக்கூட அவள் கண்டதில்லை.

காத்திருப்போர் கதிரையில் அவளுக்குப் பக்கத்தில் சோதிலிங்கம் ஐயா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்று பேராதனைப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர். அவருக்கும் ஒரு சவாரி வரவேண்டியிருந்தது. மாதக்கணக்காக அதே கதிரைகளில் இருந்த பழக்கத்தில் இரண்டு பேரும் பேசாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். இன்று அவர் வேட்டி சால்வையோடு வந்திருந்தார், மடியில் பூத்தட்டு.

கண்ணாடிக்கு வெளியே ஒரு குடும்பம் வானுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அட்டையில் வெட்டிய ஆளுயரச் சாவி ஒன்றை ஜெயராஜ் குடும்பத் தலைவரிடம் கொடுத்தான். அவர் ஏறி உட்கார்ந்து தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு கேட்வரை ஓட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு இறங்கினார். காவலாளி ஏறி வானை ரிவர்ஸில் எடுத்துக் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். குடும்பம் முச்சக்கரவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

பிரேமிளா எழும்பிப் பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். யார்டில் இரண்டு பேர் அந்த வானின் பின்கதவைத் திறந்து ஆசனங்களைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அடுத்து நின்ற வானுக்குள் வைத்தார்கள். அடுத்து நின்றது அவளுடைய வான். நம்பர் பிளேட் தெரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“சீட்டக் கழட்டி மாத்துறாங்க,” என்றாள்.

“ஓம் பிள்ளை,” என்றார் சோதிலிங்கம் சாதாரணமாக. “ஒரு செற்றுத்தானே இருக்கு. படம் எடுத்தாப் பிறகு கழட்டி அடுத்தாளுக்குப் போடுவாங்கள். உமக்குப் பிறகு எனக்கு.”

“அப்ப வான்?”

“அது பிறகு வரும். சப்ளையருக்கு ஏதோ உற்பத்திப் பிரச்சினையாம்.”

“தெரிஞ்சிக்கிட்டா வந்தீங்க?”

“வேற என்ன செய்யிறது? ரொறன்ரோவிலையிருந்து மகன் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறான், வாகனம் வந்திட்டுதோ, படம் அனுப்புங்கோ எண்டு. இனியும் இல்லையெண்டு சொன்னா அப்பரை ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு நினைப்பான். மரியாதை இல்லை.” பூத்தட்டில் ஒரு செவ்வந்தியைத் திருப்பி வைத்தார். “படமாவது நல்லா வரவேணும்.”

பிரேமிளா அவரைப் பார்த்தாள். காணியின் எல்லைக்கல் ஒரு முழம் தள்ளியிருந்தால் கண்டுபிடித்துச் சொன்ன மனிதர். இகழ்ச்சி என்பது சாய்ந்து உட்கார வசதியான கதிரை. இத்தனை மாதமும் அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜெயராஜை இகழ்ந்தாள், கம்பெனியை இகழ்ந்தாள், முகம் தெரியாத அந்த அக்குறணைச் சப்ளையரை இகழ்ந்தாள். ஆனால் அவளும் பட்டுச்சாரி கட்டிக்கொண்டு வந்து வரிசையில்தானே இருக்கிறாள்? கூப்பிட்டால் எழும்பிப் போய்ச் சிரித்துக்கொண்டு அந்த அட்டைச் சாவியை வாங்கவும் போகிறாள்.

“அக்கா! உங்க நேரம்!” என்று ஜெயராஜ் கூப்பிட்டான்.

அவள் போனாள். ஐயர் சந்தனம் வைத்தார். அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கொஞ்சம் சிரிங்க மெடம்” என்றான் படம் எடுப்பவன். சிரிக்கவில்லை. நிஜச் சாவி வானுக்குள் தொங்கியது. அவள் ஏறி உட்கார, ஜெயராஜ் மறுபக்கம் ஏறிக்கொண்டான். வாடிக்கையாளரோடு முகாமையாளரும் கண்ணாடிக்குள் தெரியவேண்டும், அது கம்பெனிக் கட்டளை.

“நேரா கேட்வரைக்கும் போங்க. அங்க நிப்பாட்டி ஒரு கை காட்டுங்க. அவ்வளவுதான்.”

“அதுக்குப் பிறகு?”

“பிறகு நம்ம ஆள் ரிவர்ஸ் எடுத்துருவான். அடுத்த கெழம வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்க்கா, அந்தப் புரொடக்ஷன் பிரச்சினை மட்டும்…”

அவள் வானை எடுத்தாள். தேசிக்காய்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. கேட் வந்தது. அவள் கை காட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. இடது பக்கம் சமிக்ஞை போட்டு, மாத்தளை பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு, வீதிக்கு ஏறினாள்.

“அக்கா. அக்கா! நிப்பாட்டுங்க. இதுக்கு மேல போகத் தேவல்ல.”

கண்ணாடியில் சோதிலிங்கம் ஐயா தெரிந்தார். பூத்தட்டோடு கேட்வரை ஓடிவந்து நின்றிருந்தார். “பிள்ளை! பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது! என்ர படம்!” என்று அவர் கத்தியது கேட்டது.

“அக்கா, ரிவர்ஸ் எடுங்க.”

“நல்ல நேரத்துல முன்னுக்கு எடுத்த வண்டிய யாராவது ரிவர்ஸ் எடுப்பாங்களா ஜெயராஜ்?”

ஆடி என்றும் ஆவணி என்றும் ஐயர் என்றும் இத்தனை மாதம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை.

“சீட்டு உங்களுதில்லக்கா,” என்றான் கடைசியில், மெதுவாக.

“வான் என் பேர்ல இருக்கு. அதுக்குள்ள என்ன இருந்துச்சோ அதோடதான் சாவி குடுத்தீங்க. படமும் இருக்கு.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முந்திய வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஏதோ கனமான பொருள் வழுக்கிப் போய்ப் பக்கத் தகரத்தில் முட்டிய சத்தம். அவள் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். நடு ஆசனம் குறுக்கே திரும்பி நின்றது. கையால் தள்ளினாள், நகர்ந்தது. மற்றதைத் தள்ளினாள், அதுவும் நகர்ந்தது. ஒரு போல்ட்கூடப் போடப்படவில்லை. சும்மா தூக்கி வைத்திருந்தார்கள்.

அவள் அந்த ஆசனத்தில் நப்லாவின் சின்ன மகளை மனதுக்குள் இருத்திப் பார்த்தாள். பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குகிற பிள்ளை. இறக்கத்தில் ஒரு பிரேக் போதும்.

“படத்துக்குத்தானேக்கா,” என்றான் பின்னால் வந்து நின்ற ஜெயராஜ். “படத்துக்கு எதுக்கு போல்ட்?”

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அறைவதற்கும் ஒருவன்மீது கொஞ்சம் மதிப்பு வேண்டும்.

“ஏறுங்க,” என்றாள்.

“எங்க?”

“உங்க சப்ளையரப் பாக்க.”

அக்குறணைவரை அவள் ஆசனங்கள் வழுக்காதபடி மெதுவாக ஓட்டினாள். ஜெயராஜின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. இடையிடையே “அக்கா, என் வேலைக்கே வேட்டு வச்சிருவாங்க” என்றான், “உங்க தம்பி மாதிரி நெனச்சிக்குங்க” என்றான். கடைசியில் அவனும் ஓய்ந்து, வீதியோரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பட்டறை பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. சொந்தக்காரர் சாஹுல் ஹமீது வாசலிலேயே நின்றார். வெள்ளைத் தொப்பி, மூக்குக்கண்ணாடி, சுத்தமான சட்டை. ஜெயராஜ் தன் பெயரைச் சொன்னதும் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“ஜெயராஜ் சேரா! போன்லதான் பேசீக்கி, மொகத்த இப்பத்தான் பாக்கிய. வாங்கொ, வாங்கொ.”

“நீங்களா ஹமீது ஹாஜியார்! எவ்வளவு நாளா வந்து பாக்கணும்னு…”

ஒருவரை ஒருவர் மாதக்கணக்காகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பேர் கைகளைப் பற்றிக்கொண்டு நலம் விசாரித்தார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பிரேமிளா அவர்களைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

பட்டறையின் பின்கட்டு முழுவதும் ஆசனங்கள். கூரைவரை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், பெல்ட்டோடு, ‘சவாரி’ என்று தைத்த முதுகோடு, தூசி படிந்து நின்றது. வழி விடுவதற்காக நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள்.

“இதெல்லாம் என்ன?”

இரண்டு பேரும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

“அது சவாரிக்கிச் செஞ்சது தங்கச்சி,” என்றார் சாஹுல் ஹமீது.

“முடிஞ்சதா?”

“எப்பயோ முடிஞ்சி.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பேசவில்லை. ஜெயராஜிடம் வேலை செய்த அதே மௌனம் இங்கேயும் வேலை செய்தது. முதல் சாக்காக மின்வெட்டு வந்தது. பிறகு வெல்டிங் மெஷின். பிறகு ரம்ழான். அவள் இன்னும் பேசாமல் நின்றபோது, சொட்டிச் சொட்டிக் கடைசியில் உண்மையும் விழுந்தது.

கம்பெனி கொடுத்த ட்ரோயிங்கின்படிதான் ஆசனங்களைச் செய்தாராம். ஆனால் அந்த ட்ரோயிங் முந்திய மொடலுக்கு உரியது. வானின் தரையிலிருக்கும் போல்ட் துளைகளும் ஆசனத்தின் கால் துளைகளும் ஒரு விரற்கடை விலகி நிற்கின்றன. மாதிரிக்கென்று முதலில் செய்த ஒரு செட் மட்டும் பொருந்தும். அதை வானைப் பார்த்தே அளவெடுத்துச் செய்தார்.

“மாதிரிக்குச் செய்யிறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, ட்ரோயிங் பிழைன்னு?”

“தெரிஞ்சிதான். ஆனா தங்கச்சி, ஓடர் ட்ரோயிங்குக்குத்தானே வந்த? கடதாசியில ஈக்கியத்த செஞ்சி குடுக்கியதுதானே எங்கட வேல.” அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு நேர்மையாளனின் அமைதி இருந்தது.

“ட்ரோயிங் செக் பண்ண வேண்டியது சப்ளையர்தான்னு ஹெட் ஒபிஸ் சொல்லுதுக்கா,” என்றான் ஜெயராஜ் தரையைப் பார்த்தபடி.

“ஒரு விரக்கடதானே. புது ஓட்டை அடிச்சா என்ன?” என்றாள் பிரேமிளா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டறையில் துளைபோடும் மெஷின் ஒன்று சுவரோரமாக நின்றது. நல்ல மெஷின்.

“அடிக்கேலும். ஒரு கெழம வேல,” என்றார் சாஹுல் ஹமீது தயங்கி. “ஆனா நாங்க அடிச்சா பிழ எங்கடதெண்டு ஆகிருமே. ஹெட் ஒபிஸ் எழுதித் தரட்டும், அடிக்கியோம்.”

“நாங்க எழுதிக் குடுத்தா, ட்ரோயிங் பிழைன்னு நாங்களே ஒத்துக்கிட்டதா ஆயிரும்க்கா.”

“அப்ப?”

“அப்ப… புரொடக்ஷன் பிரச்சினைன்னு…” ஜெயராஜ் முடிக்கவில்லை.

பிரேமிளா கூரைவரை அடுக்கியிருந்த ஆசனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய களவு ஒன்று நடந்திருந்தால்கூட மனதுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். யாரோ ஒருவன் துணிந்து ஏமாற்றினான் என்று ஆத்திரப்படலாம். இதில் ஆத்திரப்படவும் ஒன்றுமில்லை. ஒரு துளையை முதலில் போடுகிறவன் யார் என்று தெரியாமல் ஓர் ஊரே காத்திருக்கிறது. சந்தனம் வைக்கிறார்கள், தேசிக்காய் நசுக்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். துளை மட்டும் போடமாட்டார்கள்.

சாஹுல் ஹமீது சங்கடத்தோடு உள்பக்கம் திரும்பி மூன்று விரல்களை உயர்த்தினார்.

“தேத்தண்ணி வேணாம் நானா,” என்றாள். “என் வான்ல இருக்கிறது பொருந்துற செட். போல்ட்டப் போடுங்க.”

“அது மாதிரிக்குச் செஞ்ச செட், குடுக்க ஏலாதே…”

“அக்கா, அந்த ஒரு செட்டுந்தான் இருக்கு, சோதிலிங்கம் சேர்ட படம்…”

அவள் வானுக்குப் போய் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டாள். வான் பட்டறை வாசலை முழுவதுமாக அடைத்து நின்றது. உள்ளே வரவேண்டிய லொறி ஒன்று ஒழுங்கையில் நின்று ஹோர்ன் அடித்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஜெயராஜ் ஏதோ சொன்னான். சாஹுல் ஹமீது ஏதோ சொன்னார். லொறிக்காரன் அதைவிடப் பெரிதாக ஏதோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சாஹுல் ஹமீதே ஸ்பானரோடு குனிந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் கிறீஸ் பட்டிருந்தது. எல்லாம் முடிந்ததும் அவள் இறங்கிப் போய் ஒவ்வோர் ஆசனத்தையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். ஒன்றை இன்னும் இறுக்கச் சொன்னாள். இறுக்கினார்.

“ஹெட் ஒபிசுக்கு நான் என்னக்கா சொல்ல?” என்று கேட்டான் ஜெயராஜ், ஒழுங்கையில் நின்றபடி. அவனை ஏற்றிக்கொண்டு போக அவளுக்கு உத்தேசமில்லை என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

“சப்ளையர் பக்கம் சின்னதா ஒரு புரொடக்ஷன் பிரச்சினைன்னு சொல்லுங்க.”

திங்கட்கிழமை காலை நப்லாவின் கேட்டுக்கு வான் வந்தபோது நப்லா வெளியே நின்றாள். பக்கத்தில் வேறு இரண்டு தாய்மார். நப்லா வானைச் சுற்றி வந்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், ஆசனத்தைத் தடவினாள்.

“இந்த பிளாஸ்டிக் ஒறையக் கழட்டல்லயா? வேர்க்குமே புள்ளைகளுக்கு.”

“இன்னைக்குக் கழட்டுறேன்.”

“றொசானுக்கு வாணாமெண்டு செல்லிட்டேன்,” என்றாள் நப்லா, அதைப் பெரிய விஷயமாக்காமல். “ஆனா லேட்டாகப்படாது.”

பிள்ளைகள் ஏறினார்கள். முதுகில் பழைய கூச்சல் ஏறி உட்கார்ந்தது.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் மணிக்காகக் காத்திருந்தபோது புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. போனை எடுத்துக் கம்பெனியின் இணையப் பக்கத்தைப் பார்த்தாள். அவள் நினைத்தது சரி, படம் ஏறியிருந்தது. சோதிலிங்கம் ஐயா வானுக்குள் சால்வையோடு உட்கார்ந்து, கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம். அவருக்குப் பின்னால் ஆசனங்கள் இருந்த இடத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். காத்திருப்போர் கூடத்துப் பிளாஸ்டிக் கதிரைகள். இத்தனை மாதமும் அவளும் அவரும் உட்கார்ந்திருந்த கதிரைகள். மேலே படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள்.

அவருக்குப் போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை அவரைக் கேட்டில் விட்டுவிட்டு வந்தது உள்ளே கொஞ்சம் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

“ஐயா, உங்க சீட்டெல்லாம் அக்குறணையில செஞ்சி அடுக்கி வச்சிருக்காங்க. ஓட்டை மட்டும் மாத்தி அடிக்கணும். நீங்களும் மத்த ஆளுகளும் சேர்ந்து போய் நின்னீங்கன்னா ஒரு கெழமையில…”

“அட, நீரோ?” குரலில் கோபமில்லை. “அண்டைக்கு என்னை நல்லா ஓட வைச்சீர். ராகுகாலத்துக்குச் சொட்டு முந்தித்தான் எடுத்து முடிச்சவை. படம் பார்த்தனீரே?”

“பார்த்தேன். ஐயா, நான் சொல்றது…”

“மகன் பார்த்திட்டு ரொறன்ரோவிலை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டான். மருமகளின்ர ஆக்களும் எடுத்துக் கதைச்சவை. அப்பா பத்து வயசு குறைஞ்சமாதிரி இருக்கிறியளாம்.”

“வான், ஐயா.”

“அது வரும் பிள்ளை. அவசரப்பட்டு என்ன?” என்றார். “சப்ளையருக்கு ஏதோ பிரச்சினையாமே.”

அவர் வைத்துவிட்டார். பிரேமிளா போனை மடியில் போட்டுக்கொண்டு மதிலைப் பார்த்தபடி இருந்தாள். அவரை என்னவென்று சொல்வது என்று ஒரு சொல் தேடினாள். ஜெயராஜுக்கு ஒன்று இருந்தது, சாஹுல் ஹமீதுக்கு ஒன்று இருந்தது. இவருக்குக் கிடைக்கவில்லை.

மணி அடித்தது. அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்து, பிள்ளைகள் கேட்டைத் தாண்டி ஓடிவருவதற்குள், ஒவ்வோர் ஆசனத்தையும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. காலையிலும் அசைந்திருக்கவில்லை. நாளைக் காலையிலும் உலுக்கிப் பார்ப்பாள்.